மயில்கழுத்து மையும் விஜயாவின் லக்னப் பத்திரிகையும்

20 நவம்பர் 1974, புதன்

மழை. கடைக்குள் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்று சரியாக என் தலைக்கு மேல்.

பொன்னேரி ஸ்டேஷன் ரோடு பேனா ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரும், கம்பவுண்டரும், கூட்டிப் பெருக்கும் ஆளுமாகிய கோதண்டம் என்னும் நான், வலது கையை மைப் புட்டியின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை என் கையால் ஒரு சரித்திரம் நடக்கப்போகிறது. அதை நடந்தபடியே இந்த நோட்டில் எழுதி வைப்பேன். ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தர் நம்ப மாட்டார்.

விஷயம்: ஞாயிறன்று விஜயாவுக்கு நிச்சயம். அக்கா தனபாக்கியத்தின் ஒரே பெண். அவள் அப்பா போய்ச் சேர்ந்து ரொம்பக் காலம். எனக்குக் கல்யாணம், குடும்பம் என்று எதுவும் இல்லை. சாப்பாடு அக்கா வீட்டில்தான். ஆக தாய்மாமன் நான்தான் அப்பா ஸ்தானம், அண்ணன் ஸ்தானம், தண்ணீர் இழுக்க ஆள் இல்லாதபோது வேலைக்காரன் ஸ்தானம். லக்னப் பத்திரிகை எழுதும் உரிமையும் என் கைக்கே. (இனி ல.ப. முழுசாக எழுதினால் நிப்பு தேயும்.)

மாப்பிள்ளை தசரதன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கும் கம்பி பாக்டரியில் ஃபிட்டர். அவன் அப்பா தணிகாசலம், ரயில்வேயில் சிக்னல் இறக்கி ரிடையர் ஆனவர். அவர் மீசையைப் பார்த்து கூட்ஸ் வண்டிகள் தாமாகவே நின்றதாகக் கேள்வி. கேள்வி என்ன, நான் கிளப்பிவிட்டதுதான்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னது: “பொண்ணு லட்சணந்தான். கலருதான் ஒரு மாத்து கம்மி.” விஜயா கதவுக்குப் பின்னால். காதில் விழாத மாதிரி டம்ளர்களை அடுக்கினாள், ஒரு டம்ளர் மட்டும் கீழே விழுந்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, சும்மா இரு அத்தை என்றும் சொல்லவில்லை. ஊமைப் பயலா, ஒப்புக்கொள்கிறவனா?

இன்றைய கேள்வி: எந்த மை?

புளூ பிளாக். யோக்கியன். ஓடச் சொன்னால் ஓடும், நிற்கச் சொன்னால் நிற்கும். காய்ந்த பிறகு வெள்ளமே வந்தாலும் அசையாது. ஒரே குறை: நீலமாக இறங்கி, இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும்.

அக்காவிடம் சொன்னேன். தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். “கறுப்பா காயுமா? சுபகாரியத்துக்காடா? உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வேற எதுனா இருந்தா பாரு.”

வேறு இருக்கிறது. அதுதான் என் பயம். மயில்கழுத்து. ஆரணி நெசவாளர்கள் புடவை நூலுக்குப் போடும் சாயப்பொடி, கருவேலம்பிசின், கொஞ்சம் கிளிசரின். என் சொந்தக் கைப்பாகம். எழுதினால் நீலமா பச்சையா என்று கண் திண்டாடும். எழுத்தின் ஓரத்தில் செம்பு மினுங்கும். இந்த நிறத்தைப் பார்த்துப் பழவேற்காடு ஏரியின் பூநாரைகள் எல்லாம் வெட்கத்தில் சிவந்தன. அதற்கு முன் வெள்ளையாகத்தான் இருந்தன.

ஆனால் குணம்? கேட்க வேண்டாம். போக்கிரி.

இரண்டு மையாலும் ‘விஜயா’ என்று எழுதி அவளிடமே காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“மாமா, நீ கலரு பாக்கறியா, கொணம் பாக்கறியா?”

“இங்க்குக்குத்தானே கேக்கற?”

“நான் இங்க்கத்தான் கேக்கறேன்.”

உள்ளே போய்விட்டாள்.

22 நவ., வெள்ளி

விட்டு விட்டுத் தூறல். காற்றில் ஈரம், கையால் பிழியலாம்.

மயில்கழுத்தின் நடத்தைச் சான்றிதழ்:

எழுத்துக்குக் கால் முளைக்கிறது. ‘ய’ எழுதினால் கம்பளிப்பூச்சி. தாளின் மறுபக்கம் தெரிகிறது. அதற்கு அடியில் இருந்த தாளிலும். மூன்றாவது தாளிலும் தெரிந்ததாக நாளைக்குச் சொல்லிக்கொள்வேன்.

காயவில்லை. காலையில் எழுதியதை மாலையில் தொட்டேன், விரலோடு வந்துவிட்டது.

மூடிக்குள் கசிவு. சட்டைப் பை போச்சு. நல்ல சட்டை.

காகிதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுத்து ஓடிவிடுகிறது. மனுஷத் தோலில் பட்டால் அங்கேயே குடித்தனம். புளி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், தேங்காய் நார், எதற்கும் மசியவில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பேனாவில் நிப்பு மாற்ற வந்தவர் என் கையைப் பார்த்தார். “இன்னாய்யா, கிருஷ்ண பரமாத்மாவுக்கு எண்ணெ தேச்சி உட்டியா?”

“அவரே வந்தார். பில்லு குடுக்காம போய்ட்டார்.”

சிரித்துக்கொண்டே போனார்.

நியாயமாகப் பார்த்தால் புளூ பிளாக். கோபமாகப் பார்த்தால் மயில்கழுத்து. அந்த அத்தையின் கண்ணெதிரே அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு கலரில் எங்கள் பெண்ணின் பேர் மின்ன வேண்டும்.

முடிவு: ம.க. மை ஒற்ற மூன்று தாள் பிளாட்டிங் பேப்பர் எடுத்துவைத்தேன். தெய்வம் இருக்கிறது.

24 நவ., ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. உயிரோடிருக்கிறேன். சிறு விவரம்:

அவர்கள் பாசஞ்சரில் வந்து இறங்கியபோது நல்ல மழை. தாம்பூலத்தட்டைக் குடைக்குள் வைத்து, ஆட்கள் நனைந்தபடி. தணிகாசலம் கூடத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சு ஒரு முறை முனகியது. மீசை சென்ற முறையைவிட ஒரு முழம் நீளம்.

ஐயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று. ‘சௌபாக்கியவதி விஜயா’ என்று எழுதும்போது நிப்பு தானாகவே நடனமாடியது. கூடமே குனிந்து பார்த்தது. அத்தையின் வாய் திறந்து மூடியது. நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டேன். அது போதும் எனக்கு.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான்: “இன்னா கலரு மாமா இது?”

“மயில்கழுத்து, மாப்ளே.”

“நல்லாக்குது.” அவ்வளவுதான். மறுபடி தரை.

அதற்கப்புறம் வினை. ஐயர் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினார். குழைத்தது தண்ணீரில்! கீழ் மூலையில் என் எழுத்து மஞ்சளோடு கைகோத்துக்கொண்டு கிளம்பியதைக் கண்ணால் கண்டேன். பிளாட்டிங் பேப்பரை எடுக்கக் கை நீட்டினேன். ஐயர், “சாமி காரியத்துல அதெல்லாம் எதுக்கு, மடிங்கோ” என்றார். தணிகாசலம் தாளை வாங்கினார், நாலாக மடித்தார், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். சட்டைப் பைக்குள் போட்டார். வெள்ளைச் சட்டை. வெளியே மழை.

வாசலில் எனக்குக் கும்பிடு போட்டார். கட்டைவிரல் மயில்கழுத்தாக இருந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வடை மட்டும் நாலு.

25 நவ., திங்கள்

எங்கள் பிரதியை ரகசியமாகப் பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மடித்த இடமெல்லாம் ஒட்டிப் பிரிந்திருக்கிறது. பேர்கள் தெரிகின்றன, கொஞ்சம் கம்பளி போர்த்திக்கொண்டு. அதெல்லாம் போகட்டும். ‘சுப முகூர்த்தம்’ என்று எழுதினேன் அல்லவா? அந்த ‘சு’வுக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு சொட்டு. சும்மா இருக்கக் கூடாதா? ஊறி, சுழித்து, பக்கத்தில் ஒரு கோடும் இறக்கி, அசல் ‘அ’ மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அசுப முகூர்த்தம்.

என் கையெழுத்தில். தாய்மாமன் கையெழுத்தில்.

சுரண்டினால் தாளே கிழியும். துடைத்தால் முகூர்த்தமும் சேர்ந்து போகும். இது எங்கள் பிரதி. அவர்கள் பிரதியில் எந்த வார்த்தைக்கு என்ன முளைத்திருக்கிறதோ! ‘தசரதன்’ என்ன ஆனானோ! ஈரச் சட்டைப் பைக்குள் கும்மிடிப்பூண்டி வரை போயிருக்கிறது.

அக்கா: “பத்திரிகைய குடுடா, சாமி கிட்ட வெக்கணும்.”

“உடனே வெக்கக் கூடாது. ஒரு வாரம் போவணும். சாஸ்திரம்.”

“எந்த சாஸ்திரம்?”

“பேனா சாஸ்திரம்.”

முறைத்தாள். ல.ப. இப்போது கடையில், ட்ரங்குப் பெட்டியில், பூட்டி. சாவி இடுப்பில்.

27 நவ., புதன்

மழை இல்லை. ஆனால் புழுக்கம்.

ஞாயிறன்று எழுதிப்பார்த்த வெள்ளோட்டத் தாள் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டு ல.ப.வின் நிலைமை அறிய அதையே மடித்து, மஞ்சள் தடவி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். இன்று பிரித்தேன். நடுவில் ஒரு நீல ஏரி. படகு விடலாம். கரையில் இரண்டு எழுத்து ஒதுங்கியிருந்தது: ‘பாவி’. ‘சௌபாக்கியவதி விஜயா’வில் மிச்சம் அவ்வளவுதான். யாரைத் திட்டுகிறது என்று புரிந்தது.

பேனாவைக் கழற்றினேன். நிப்புக்கு அடியில் மை இறங்கும் நாக்கில் பிசின் கட்டி, பாசி மாதிரி. வெந்நீரில் ஊறப்போட்டேன். வெந்நீர் என்ன அழகு! சனியன், இவ்வளவு பயத்திலும் அந்தக் கலரைப் பார்த்தால் மனசு இளகுகிறது. இதுதான் என் வியாதி.

விஜயா சோறு கொண்டுவந்தாள். “இன்னா மாமா, பேயறைஞ்ச மாதிரி கீற?”

“வியாபாரம் ஜாஸ்தி.”

காலிக் கடையை ஒரு சுற்று பார்த்தாள். கிளம்பும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு: “அவங்க ஊட்லேர்ந்து எதுனா சேதி வந்துச்சா?”

“எதுக்கு?”

“சும்மா. அந்த அத்த எதுனா சொல்லியிருப்பாங்களோன்னு.”

அவளும் பயப்படுகிறாள். அவள் பயம் வேறு, என் பயம் வேறு. வெடித்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வெடிக்கும்.

29 நவ., வெள்ளி

வெடித்தது.

காதர் பாய் வந்தார். பழவேற்காட்டு இறால் வியாபாரி. கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் ஓயாமல் போய் வருகிறவர். கூடையை வெளியே வைத்துவிட்டு, கடைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

“கோதண்டம், உங்க சம்மந்தி சொல்லி அனுப்சாரு. நாளைக்கு நீ மட்டும் தனியா வரணுமாம். பொம்பளைங்களுக்குத் தெரிய வேணாம்னாரு.”

“எதுக்காம் பாய்?”

“அது சொல்லல. உங்க பத்திரிகைய கையோட எடுத்துக்கினு வரச்சொன்னாரு.”

பத்திரிகையைக் கொண்டுவா என்றால் ஒரே அர்த்தம்தான். மாற்றிய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முறிந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

“மூஞ்சி எப்பிடி இருந்திச்சு?”

“மூஞ்சியா? அழுத மூஞ்சியாட்டம் இருந்திச்சுப்பா. அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. எனக்கே பேஜாரா பூட்சி.” கிளம்பியவர் திரும்பி நின்றார். “கை எல்லாம் ஒரு மாதிரி நீலமா வேற கீது. இன்னா வேலை செய்றாரு அவரு?”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டூல் இல்லை. தரையில்.

அவர்கள் பிரதியிலும் ‘அ’ முளைத்துவிட்டது. அல்லது அதைவிட மோசமான எழுத்து. படித்துவிட்டார்கள். கலர் கம்மி என்று சொன்ன அத்தைக்கு என் கையாலேயே சாட்சிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பன் இல்லாத பெண். நிச்சயம் ஆகி முறிந்த பெண் என்று ஊர் சொல்லும். ஒரு மைக்காக. ஒரு ஜம்பத்துக்காக.

புளூ பிளாக் எடுத்து, இரண்டு புதுத் தாளில் ல.ப.வைத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் சிப்பாய் மாதிரி நிற்கிறது. எப்படியாவது காலில் விழுந்து மாற்றிக்கொடுப்பது. காலில் விழத் தோதான வேட்டி எது?

30 நவ., சனி

கையில் தெம்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலை பாசஞ்சர். அக்காவிடம், கும்மிடிப்பூண்டியில் ஒரு பணக்காரரின் தங்கப் பேனாவுக்கு ஆபரேஷன் என்று சொன்னேன். கவரப்பேட்டை வரை வயலெல்லாம் தண்ணீர். வண்டி இன்று பார்த்து நேரத்துக்குப் போனது. நாஷ்டா வேண்டாம் என்று நான் சொன்ன ஒரே நாள் இதுதான்.

வீட்டு வாசலில் தணிகாசலமே நின்றிருந்தார். மீசை தொங்கியிருந்தது. “வாங்க சம்மந்தி” என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்தக் கை ஈரம். என்னுடையதும்தான்.

கதவைச் சாத்தினார். நான் காலில் விழ வேட்டியை ஒதுக்கினேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“உங்க கிட்ட மறைக்கக் கூடாது. அப்பன் இல்லாத பொண்ணு. நான் ஏமாத்திக் குடுத்தேன்னு நாளைக்கு ஒரு வார்த்த வரக் கூடாது. பையனுக்கு ஒடம்பு சரியில்ல.”

“இன்னா ஒடம்பு?”

“ஒதடு நீலமா பூட்டுது. நாலு நாளா கைக்குட்டைய வெச்சி மறைச்சிக்கினு திரிஞ்சிருக்கான். நேத்து காலைல அவன் அம்மா பாத்துட்டா. ரத்தம் கெட்டா, நெஞ்சு கெட்டா ஒதடு நீலமாவும்னு கம்பவுண்டர் சொல்றாரு. மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போங்கன்றாரு.” மீசையைத் துடைத்துக்கொண்டார். “எம் பையனுக்கு வர்றது வரட்டும். ஒங்க பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன். பத்திரிகைய மாத்திக்கலாம் சம்மந்தி.”

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா.

நான் கொண்டுவந்த பயம் போய் வேறு பயம் வந்து உட்கார்ந்தது. பையனுக்கு ஏதாவது என்றால்? விஜயாவிடம் என்ன சொல்வேன்? “எங்க அவரு?” என்றேன்.

தசரதன் வந்தான். வாயில் கைக்குட்டை. அப்பா சொல்ல, எடுத்தான்.

நீலமா பச்சையா என்று கண் திண்டாடியது. உதட்டு ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில், செம்பு மினுங்கியது.

உலகத்தில் அந்த நிறத்தைக் காய்ச்சினவன் ஒருத்தன்தான். அவன் அந்த அறையில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

“சம்மந்தி, ஒங்க வீட்டுப் பத்திரிகைய கொஞ்சம் காட்டுங்க.”

சாமி மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். ஏரி இல்லை. ‘அ’ இல்லை. எங்களுடையதைவிட நன்றாகவே இருந்தது. முகூர்த்தம் இருந்தது, ஐயர் பேர் இருந்தது, என் பேர் இருந்தது. ‘விஜயா’ இருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேகம். வாய் அகலத்துக்கு.

தசரதனைப் பார்த்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவப்பு.

ஒரு வாலிபனின் மானம் என் நாக்கில் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பொய்.

“சம்மந்தி, இது வியாதி இல்ல. இது என் மை. நிச்சயத்தன்னிக்கு கையெழுத்து போடறப்ப மாப்ளே பேனா மூடிய பல்லால கடிச்சாரு. அந்தக் கசிவு.”

தணிகாசலம் யோசித்தார். சிக்னல் ஆள் அல்லவா. “அவன் கையெழுத்தே போடலியே. நான்தானே போட்டேன்.”

“பேனாவ எடுத்துக் குடுத்தாரு...”

“பேனா உங்க பையில இருந்து வந்திச்சு.”

என் நாற்பத்துச் சொச்ச வருஷத்துப் பொய்ப் பரம்பரை அங்கேயே அறுந்தது. அப்போது தசரதன் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த நாளிலிருந்து, ஒரு தடவைக்கு மேல் அவன் பேசிக் கேட்டதில்லை.

“நைனா, மாமா மேல தப்பில்ல. நான்தான்.”

“நீதான் இன்னா?”

“காலைல வேலைக்குக் கெளம்பறப்ப... சாமி கும்புடறப்ப... அந்தப் பேர.” கைக்குட்டையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான்.

அடுப்படியில் மூக்கு உறிஞ்சல் நின்றது. பிறகு ஒரு ‘களுக்’.

“ஒரு நாளைக்கே இவ்ளோ நீலமா?” என்றார் தணிகாசலம்.

“மொத நாளு பட்டது தேச்சும் போவல நைனா. எப்பிடியும் நீலந்தானேன்னு மறுநாளும்...”

“தெனமுமாடா!”

“ஆமா.”

“கம்பவுண்டர் கிட்ட வாயத் தொறந்து காட்னியே, அங்க சொல்றதுக்கு இன்னா?”

“இத எப்பிடி நைனா அவர் கிட்ட சொல்றது?”

தணிகாசலம் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். கையை எடுத்தபோது சிரிப்பில் கண்ணீர். முகத்தில் ஐந்து விரலும் மயில்கழுத்து. “எங் கை நீலம் மைன்னு தெரியும், ஒதட்டுக்கு மை போவும்னு யாரு நெனைப்பா? நேத்து ராவெல்லாம் நானும் இவளும் தூங்கல சம்மந்தி. இவனுக்குப் பின்னால நாங்க எதுக்குன்னு பேசிக்கினு இருந்தோம்” என்று சொல்லி மறுபடி மூடிக்கொண்டார். அப்போது நிஜமாகவே அழுதார். நானும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

தசரதன் என்னிடம் வந்து நின்றான். “மாமா, அன்னிக்கு அத்த கலரப் பத்தி சொன்னப்பவே நான் பேசியிருக்கணும். பெரியவங்க எதிர்ல வாய் வரல. ஒங்க ஊட்ல அவங்க கிட்ட சொல்லுங்க.”

பிறகு காரியம். பையிலிருந்து புளூ பிளாக் பிரதிகளை எடுத்து வைத்தேன். மயில்கழுத்தின் யோக்கியதையை ஒளிக்காமல் சொன்னேன். எங்கள் வீட்டு ‘அசுப’த்தையும் காட்டினேன். தணிகாசலம் இரண்டு மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கலரு போனா போவுது. நிக்கிறதுதான் வேணும். இதையே வெச்சிக்கலாம்.” கையெழுத்துப் போட்டார்.

தசரதன் தொண்டையைக் கனைத்தான். “பேரு மட்டும்...”

“பேருக்கு இன்னா?”

“பேரு மட்டும் அந்தக் கலர்ல எழுத முடியுமா மாமா?”

அவன் அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எழுதுங்க சம்மந்தி. நான் கண்ணாடி போட்டு உயர மாட்டிடறேன்.”

எழுதினேன். மயில்கழுத்துப் பேனாவை வழக்கம்போலக் கையோடு கொண்டுவந்திருந்தேன். நல்லவேளை, என் புளூ பிளாக் பிரதிகளில் அவள் பேருக்கு இடம் விட்டே வைத்திருந்தேன். வேண்டுமென்று விடவில்லை. நேற்று அந்த இடம் வரும்போதெல்லாம் கை ஓடவில்லை.

திரும்பும் வண்டியில் எங்கள் பழைய பிரதியைத் துண்டு துண்டாக்கி ஜன்னல் வழியே வயல் தண்ணீரில் விட்டேன். அவர்களுடைய பழையதை யார் எடுத்துவைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

வெயில்! கடைத் தாழ்வாரத்தில் பூனை காய்கிறது.

அக்காவிடம் ல.ப. கொடுத்தேன். சாமி கிட்ட வைத்துவிட்டாள். இன்றைக்கு நீலம். நாளைக்குள் பேர் தவிர எல்லாம் கறுக்கும். அதற்குள் கருநீலத்தின் பெருமை பற்றி ஒரு புராணம் தயார் செய்ய வேண்டும். அந்தக் கரண்டியை நினைத்தால் இப்போதே முதுகு கூசுகிறது.

விஜயா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். “நேத்து எங்க போன மாமா? தங்கப் பேனான்னு கதை உடாத.”

சொன்னேன். என் பாணியில். தணிகாசலம் அழுத கண்ணீரில் கும்மிடிப்பூண்டியில் தண்டவாளம் முழுகி மெயில் வண்டி ஒரு மணி நேரம் லேட். பாக்டரிச் சங்கு மாப்பிள்ளைக்காக ஒப்பாரி வைத்தது. டாக்டர்கள் ஏழு பேர் கப்பலில் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் துணியை அடித்துக்கொண்டே “ம்... ம்...” என்றாள். உதடு நீலமானதைச் சொன்னேன், எதனால் என்பதையும் சொன்னேன். அத்தை பேசியபோது வாய் வராதது பற்றி அவன் சொல்லி அனுப்பியதையும்.

“போ மாமா. புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்?”

துணியைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். புடவைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள், முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மேல் ஒதடா, கீழ் ஒதடா?”

ரெண்டும் என்றேன். தண்டவாளமும் கப்பலும் போகட்டும், உதட்டு விஷயத்தில் ஒரு சொட்டும் புளுகு இல்லை.